அமராவதி ஒதுக்கிய இருபத்தாறு கற்கள்

பஸ்ஸில் ஏறினால் அமராவதியின் கண் முதலில் போவது முன்னால் நிற்பவரின் சட்டைத் தையலுக்குத்தான். தோள்பட்டையில் ஒரே ஒரு தையல் விட்டிருந்தாலும் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்ளும். இறங்கும் இடம் வரை நகராது. கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் ரவிக்கைக் கை, ரேஷன் கடையில் சாக்கின் வாய், தட்டில் விழும் தோசையின் ஓரம் என்று எதுவும் அந்தக் கண்ணுக்குத் தப்பியதில்லை. "உன்ற மூஞ்சில இருக்கறது கண்ணே இல்ல அம்மிணி, பூதக்கண்ணாடி," என்பான் அவள் புருஷன் வீரன். சாயப்பட்டறை டெம்போ ஓட்டுகிறவன். சட்டையில் சாயம் படாமல் அவன் வீடு திரும்பிய நாளே கிடையாது. அதனால் அவளிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவனும் அவன்தான்.

பதினெட்டு வருஷம் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங் டேபிளுக்கு முன்னால் நின்றவள். தலைக்கு மேலே தாழத் தொங்கும் டியூப் லைட், இடது பக்கம் தைத்து வந்த குவியல், வலது பக்கம் பார்த்து முடித்தது. ஒரு பீஸை எடுத்து உதறி, கழுத்து, தோள், கை, அடிமடிப்பு என்று விரலை ஓட்டி, உள்பக்கம் திருப்பி மறுபடி ஓட்டி, நல்லதை வலது பக்கம் போட்டு, ஓட்டையோ ஆயில் கறையோ இருந்தால் பின்னால் கிடக்கும் கூடைக்குள் வீச வேண்டும். கூடைக்குப் போனது செகண்ட்ஸ். அதற்கு நம்பர் கிடையாது, பாலிதீன் பை கிடையாது, கப்பல் கிடையாது. ஒரு பீஸுக்கு அரை நிமிஷம். அதற்குள் கை தானாகவே முடிவெடுத்துவிடும். யோசிக்கிறவர்கள் செக்கிங்கில் நிலைக்க மாட்டார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் தொடக்கத்தில் கம்பெனியில் ஆர்டர் நின்றது. அமெரிக்காவில் பேங்க் விழுந்துவிட்டது என்றார்கள். செக்கிங் பெண்களை ஒரு மாதம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அந்த மாதம் முடியவே இல்லை. நல்லூர் வீட்டில் அமராவதியால் உட்கார முடியவில்லை. அலமாரித் துணியை மூன்று முறை மடித்து அடுக்கினாள். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படிக்கும் மகள் அன்புசெல்வியின் நோட்டுகளை அளவு வாரியாக அடுக்கி வைத்து அவளிடம் திட்டு வாங்கினாள். பக்கத்துத் தையல் யூனிட்டின் சத்தம் நின்றுபோன பகல்களில் வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

அப்போதுதான் தரணி என்ற பெண் அந்தத் தெருவுக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும், கோயமுத்தூர்ப் பெண், பழைய கட்டடங்களைப் பற்றி வடக்கே போய்ப் படித்துவிட்டு வந்தவள். தெருக்கோடியில் ஈஸ்வரமூர்த்தி என்ற எக்ஸ்போர்ட்டரின் தாத்தா காலத்துப் பனியன் ஷெட் ஒன்று பூட்டிக் கிடந்தது. கையால் சுற்றுகிற பின்னல் மிஷின்கள் ஓடிய இடம். அதை ஓடு ஓடாக, கல் கல்லாகப் பிரித்து, ஊத்துக்குளிப் பக்கம் பன்னிரண்டு ஏக்கரில் ஈஸ்வரமூர்த்தி அமைக்கும் திறந்தவெளிக் காட்சிக்கூடத்தில் அப்படியே எழுப்பப் போகிறார்கள். பிரிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட ஆள் வேண்டும்.

"நீங்க கம்பெனில இருந்தவங்கன்னு சொன்னாங்க. ஒரு செவுரப் பிரிக்கறோம்னா எப்படிக்கா நம்பர் போடுவீங்க?" என்று தரணி கேட்டாள்.

"கட்டிங்ல துணிய அடுக்கி, லேயர் வெச்சுத்தானுங்க மேடம் போடுவாங்க. முதல் லேயர் முன்பக்கமும் முதல் லேயர் முதுகும்தான் சேரோணும். மாத்திச் சேத்தா நெறம் ஒட்டாம ஷேடு அடிச்சுரும். செவுத்துக்கும் அப்படித்தானுங்க, வரிசைக்கு ஒரு லெட்டர், கல்லுக்கு ஒரு நம்பர்."

தரணி அன்றைக்கே அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டாள்.

வேலை பிடித்துப்போயிற்று. நாட்டு ஓடுகள் வரிசையாக இறங்கின, பனங்கை உத்திரங்கள் இறங்கின, சுண்ணாம்புக் காரை உதிர்ந்து செங்கல் வெளியே வந்தது. அமராவதி கையில் பெயிண்ட் டப்பாவும் மெல்லிய பிரஷும் இருந்தன. மற்றப் பெண்கள் உட்கார்ந்து போட்ட நம்பரை அவள் நின்றே போட்டாள். தரணி எப்போதும் சொல்வது ஒன்றுதான். "சரி பண்ணிடாதீங்கக்கா. இருந்தது இருந்த மாதிரியே போகணும். கோணலா இருந்தா கோணலாவே."

"சரிங்க மேடம்," என்பாள் அமராவதி. தலை கேட்டுக்கொண்டது, கை கேட்கவில்லை.

தரையை எடுத்த பத்து நாளும் தரணி ஊரில் இல்லை. தரை முழுவதும் பஞ்சுத் தூசியும் எண்ணெயும் சேர்ந்து அடை மாதிரி இறுகிக் கிடந்தது. கீழே கடப்பாக்கல் பாவியிருக்கிறது என்பதே சுரண்டிய பிறகுதான் தெரிந்தது. நல்ல கறுப்புக் கல். அமராவதி ஒவ்வொன்றையும் கழுவச் சொல்லி, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, நம்பர் போட்டாள். சில கற்களில் கை லேசாக உள்ளே இறங்கியது. தண்ணீர் ஊற்றினால் ஒரு கை அகலத்துக்குத் தேங்கி நின்றது. கண்ணுக்குப் பட்டதும் கை முடிவெடுத்துவிட்டது. அப்படி இருபத்தாறு கற்களைத் தனியே சாத்தி வைத்தாள். நம்பர் போடவில்லை. மீதிக் கற்களுக்கு இடைவெளி இல்லாமல் ஒன்றிலிருந்து முந்நூற்றுப் பதினான்கு வரை நம்பர் ஓடியது. ஒழுங்கான, அழகான நம்பர். வரைபடத்திலும் அப்படியே ஏறியது.

"இதென்னுங்க்கா தனியா?" என்று மேஸ்திரி திருமூர்த்தி கேட்டதற்கு, "அது செகண்ட்ஸுங்க," என்றாள்.

அவனும் பனியன் கம்பெனியில் லோடு ஏற்றியவன்தான். அதற்கு மேல் கேட்கவில்லை. ஊத்துக்குளியில் எருமைப் பண்ணை வைத்திருக்கும் சாரதாமணி எருமை கட்டும் கட்டுத்தரைக்குக் கல் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, போகிற லாரியில் அந்த இருபத்தாறையும் அங்கே இறக்கிவிட்டான்.

ஏழு மாதத்தில் புது இடத்தில் சுவர் எழுந்து, உத்திரம் ஏறி, ஓடு மூடியது. கோணல் கோணலாகவே வந்தது. தரணிக்கு மனசு நிறைந்துவிட்டது. "அடுத்தது சோமனூர்ல ஒரு பஞ்சு குடோனுக்கா. அதுக்கு நம்பர் வேலைக்கு நீங்கதான் பொறுப்பு. நிரந்தரமா," என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போனாள். அமராவதி அன்று சாயங்காலமே வீட்டில் சொல்லிவிட்டாள். அன்புசெல்வி காலேஜில் சொல்லிவிட்டாள். வீரன் டெம்போ ஸ்டாண்டில், "இன்னிமே எங்கூட்டுக்காரி கட்டடத்தையே செக்கிங் பண்றவ," என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

தரையைக் கடைசியில்தான் பாவ வேண்டும். மணல் விரித்தாயிற்று. வெள்ளிக்கிழமை தரணி வருவதற்குள் கல்லைப் பாவிவிடுவதாகத் திருமூர்த்தி ஏற்றுக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை காலையில் ஈஸ்வரமூர்த்தி வீட்டிலிருந்து பழைய மிஷின் ஒன்று வந்து இறங்கியது. ஆள் உயர மரச்சட்டம், மேலே ஊசிகள் வட்டமாக அமைந்த தலை, பக்கத்தில் சுற்றுகிற சக்கரமும் கைப்பிடியும். துடைத்து வைத்த பிறகு, சும்மா இருக்க முடியாமல், அமராவதி கைப்பிடியைப் பிடித்துச் சுற்றிப் பார்த்தாள்.

இரண்டு சுற்றுக்குக் கை போதும். மூன்றாவது சுற்றில் உடம்பு முழுவதும் வேண்டியிருந்தது. இடது கால் முன்னால் போய் அழுந்தியது, வலது கால் பின்னால் விரலில் நின்றது, சக்கரம் மேலே வரும்போது பாரம் இடதுக்கும் கீழே போகும்போது வலதுக்கும் மாறியது. பத்துச் சுற்றுக்குப் பிறகு குனிந்து பார்த்தாள். மணலில் இரண்டு பள்ளம் விழுந்திருந்தது. ஒன்று ஆழமாக, ஒன்று குறைவாக. ஒரு கை அகலம்.

அமராவதி கைப்பிடியை விட்டுவிட்டாள். சக்கரம் இன்னும் அரைச் சுற்றுப் போய் நின்றது.

அவளும் பதினெட்டு வருஷம் ஒரே இடத்தில் நின்றவள். டேபிளுக்கு அடியில் சிமெண்டுத் தரை அவள் நின்ற இடத்தில் மட்டும் வழவழவென்று இருக்கும். புதிதாக வருகிற பெண்கள் வழுக்கும் என்று சொல்வார்கள். அந்த ஷெட்டில் ஓட்டை என்றும் தேய்மானம் என்றும் அவள் வீசியது, முப்பது நாற்பது வருஷம் ஒன்பது பத்துப் பேர் நின்ற இடத்தை. மிஷினைக் கொண்டுவந்துவிட்டார்கள். நின்றவர்களை அவள் எருமைக் கட்டுத்தரைக்கு அனுப்பிவிட்டாள்.

யாருக்கும் தெரியாது. அதுதான் அவளை அதிகம் உலுக்கியது. நம்பர் ஒழுங்காக இருக்கிறது. வரிசைக்கு ஒன்றிரண்டு கல் ஓரத்தில் குறையும். அதற்குப் புதுக்கல் வந்து தயாராக அடுக்கியிருக்கிறது. உடைந்துபோன கல் என்று திருமூர்த்தி ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டான். வாயைத் திறந்தால் சோமனூர் போய்விடும். திறக்காவிட்டால் இந்தத் தரை பொய்த் தரை. வெள்ளிக்கிழமைக்குள் கல்லைக் கொண்டுவந்து வைத்துவிட்டால் இரண்டுக்கும் அவசியம் இல்லை என்று தோன்றியது. உடனே கிளம்பினாள்.

"மேஸ்திரி, அந்தச் செகண்ட்ஸ் கல்லு திரும்ப வேணுமுங்க."

திருமூர்த்தி டீ குடித்துக்கொண்டிருந்தான். "ஏனுங்க்கா, புதுக்கல்லு கண்ணாடியாட்டம் கெடக்குது. தேஞ்சு போனது வேணுங்கறீங்க. வெயில் தலைக்கு ஏறிப்போச்சுங்களா?"

"புதுக்கல்ல அந்தப் பண்ணைக்காரம்மாவுக்குக் குடுத்துட்டு அதை எடுத்தாரலாமுங்க."

"எருமை மூத்தரம் குடிச்ச கல்லுங்க்கா அது."

"கழுவிக்கறேனுங்க."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். விளையாட்டாகத் தெரியவில்லை. மீதி டீயைக் குடித்துவிட்டு லாரிக்காரனைக் கூப்பிட்டான்.

சாரதாமணிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, பருத்திக்கொட்டை ஆட்டிய கையோடு வந்தார். சேதி கேட்டதும் திருமூர்த்தியைத்தான் பிடித்தார். "வா சாமி, உன்னையத்தான் தேடிட்டிருந்தேன். நல்ல கல்லுன்னு சொல்லிப் போட்டுட்டுப் போனயே, ஒண்ணொண்ணுலயும் குளம் கட்டி நிக்குது. கொசு என்ற எருமையத் தூக்கீட்டுப் போவாத கொறை."

"அதுக்குத்தானுங்க புதுசு கொண்டாந்திருக்கோம்," என்றான் அவன், அந்த யோசனை தன்னுடையது போல.

"இந்த அம்மிணி ஏன் அழுவறாப்பல நிக்குது?"

"அழுவலீங்க," என்றாள் அமராவதி. "கல்ல நானே பாத்து எடுத்துக்கறேனுங்க."

எருமைகளை அவிழ்த்து வெளியே கட்டினார்கள். அமராவதி சாணியைத் தள்ளி, தண்ணீர் ஊற்றி, கையால் தடவித் தடவித் தேடினாள். இப்போது பள்ளம் கிடைத்தால் மூச்சு வந்தது. இருபத்தாறும் இருந்தன. ஆனால் தொட்டியை ஒட்டிப் பாவியிருந்த எட்டுக் கற்களின் நாலு ஓரமும் நேர்க்கோடாக வெட்டுப்பட்டிருந்தது.

"இது என்னுங்க?"

"எடம் பத்தலை, ஒண்ணோடொண்ணு ஒட்டலைன்னு எங்க கொத்துக்காரர் மிஷின் வெச்சு அறுத்தாருங்க அம்மிணி. நல்லா அறுப்பாரு," என்றார் சாரதாமணி.

செவ்வாயும் புதனும் அமராவதி மணல் மேல் மண்டியிட்டே கிடந்தாள். நம்பர் போட்ட கற்களை வரிசையாக விரித்து, அந்த இருபத்தாறில் ஒவ்வொன்றாகத் தூக்கிவரச் சொல்லி, ஓரத்தை ஓரத்தோடு ஒட்டிப் பார்த்தாள். கோடு போட்ட துணியில் பக்கத் தையல் பார்ப்பது போலத்தான். கையால் உடைத்த பழைய கல். ஒரு ஓரம் போல இன்னொன்று இருக்காது. ஒட்டியிருந்த சுண்ணாம்பும், கல்லுக்குக் கல் தாண்டிப் போன எண்ணெய்க் கறையும் வழி சொல்லின. புதன் சாயங்காலத்துக்குள் பதினெட்டுக் கற்கள் தங்கள் இடத்தில் போய் உட்கார்ந்தன. சந்தேகமே இல்லை, பூட்டும் சாவியுமாக. அவை இடையில் நுழைய நுழைய முந்நூற்றுப் பதினான்கும் நகர்ந்து சரியான இடத்துக்கு வந்தன.

அறுபட்ட எட்டுக்கும் எட்டு இடம் காலியாக நின்றது. எந்தக் கல் எந்த இடத்துக்கு என்று சொல்ல ஓரமே இல்லை.

திருமூர்த்தி இடுப்பில் கை வைத்துப் பார்த்தான். "எங்க வெச்சாத்தான் என்னுங்க்கா. எட்டு எடம், எட்டுக் கல்லு. எப்படிப் போட்டாலும் பள்ளம் பள்ளந்தான். ஓரத்துல காரை பூசீட்டா உங்களுக்கே தெரியாதுங்க."

வியாழக்கிழமை அமராவதி அதற்கு ஒத்துக்கொண்டாள். பார்க்க லட்சணமாக இருக்கும்படி அவளே இடம் சொன்னாள். ஆழமானது மிஷினை ஒட்டி, ஆழம் குறைந்தது அதற்கு ஓர் அடி பின்னால். காரை பூசி முடித்தபோது கூடை கூடையாக ஒரு நாள் முழுக்கப் பீஸ் பார்த்து முடித்த அசதி இருந்தது. அந்த நிம்மதி மட்டும் இல்லை. வீட்டில் வீரன் கேட்டதற்கெல்லாம் மாற்றி மாற்றிப் பதில் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தரணி வந்தாள். கூடவே ஈஸ்வரமூர்த்தியும் வந்தார். திறப்பு விழாவுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. தரணி வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே நடந்தாள். மிஷின் பக்கம் வந்ததும் கால் நின்றது. குனிந்தாள். உள்ளங்கையைப் பள்ளத்தில் வைத்தாள்.

"அக்கா, இது நான் பார்க்கவே இல்லையே. அந்த அடைக்குக் கீழ இதுவா இருந்துச்சு?"

"ஆமாங்க மேடம்."

"ஈஸ்வரமூர்த்தி சார், இங்க வாங்க. உங்க அப்பாரு கம்பெனில சுத்தினவங்க நின்ன இடம். கால் எங்க இருந்துச்சுன்னு தெரியுது பாருங்க." கேமராவை எடுத்தாள். நோட்டை எடுத்தாள். "இதுக்கு ஒரு தனிப் பலகையே வைக்கணும். மூணாவது மிஷின் இருந்த இடம், இடது கால்..."

அவள் கை வைத்திருந்தது அறுபட்ட எட்டில் ஒன்று.

அமராவதி முந்தானையைச் சுருட்டினாள், பிரித்தாள், சுருட்டினாள். பொய் எழுத்தில் ஏறப்போகிறது. ஏறிவிட்டால் அதன் மேல் இன்னும் நூறு பேர் கை வைப்பார்கள்.

"மேடம், அதை எழுதாதீங்க. அந்தக் கல்லு அந்த எடந்தான்னு எனக்குத் தெரியாதுங்க."

தரணி நிமிர்ந்தாள்.

முழுவதையும் சொன்னாள். செகண்ட்ஸ் என்று ஒதுக்கியது, நம்பர் போடாதது, எருமைக் கட்டுத்தரை, அறுத்த ஓரம், நேற்றுப் பூசிய காரை. திருமூர்த்தி வெளியே போய் நின்றுகொண்டான். ஈஸ்வரமூர்த்தி தொண்டையைச் செருமி, "போவட்டும் விடுங்க கண்ணு. இத்தனை வேலைல இது ஒண்ணா. வர்றவங்க கல்லையா பாக்கப் போறாங்க," என்றார்.

தரணி காரை பூசிய ஓரத்தை விரலால் தடவினாள். அமராவதியிடம்தான் கேட்டாள், குரல் ஏறாமல். "பதினெட்டு நிச்சயம்?"

"நிச்சயமுங்க."

"எட்டு?"

"அந்த எட்டு எடம் நிச்சயமுங்க. எந்தக் கல்லு எங்கன்னுதான் தெரியலீங்க."

"நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்க. நான் கேக்கலை. நம்பர் அவ்வளவு அழகா இருந்துச்சு." தரணி நோட்டை மூடினாள். "எட்டையும் எடுத்துருங்க. அந்த இடத்துல வெறும் சுண்ணாம்புத் தளம் போதும், நிறம் வேற மாதிரியே இருக்கட்டும். கல்லை அந்தச் சுவரோரமா சாத்தி வைங்க. தெரிஞ்சது மட்டும்தான் தரைல இருக்கணும்."

"சரிங்க மேடம்." அமராவதியே கேட்டாள். "சோமனூருங்களா?"

"பொறுப்பு பூங்குழலிக்கு. நீங்க அவ கீழ வாங்க, வர்றதா இருந்தா."

பூங்குழலி தரணியிடம் வேலை செய்பவள், போன வருஷம்தான் படிப்பு முடித்தவள். அன்புசெல்வியைவிட மூன்று வயது பெரியவள். வீட்டில் எப்படிச் சொல்வது என்று அமராவதி பஸ்ஸில் வழி நெடுக யோசித்தாள். அன்று யாருடைய சட்டைத் தையலையும் பார்த்ததாக ஞாபகம் இல்லை. வீரன் கேட்டுவிட்டு, "கீழ வேலையோ மேல வேலையோ, நீ ஊட்டுல இருந்தா எங்களுக்குத்தான் கஷ்டம். போ அம்மிணி," என்றான். அன்புசெல்வி எழுந்து போனாள். காலேஜில் சொன்னதை அவள்தான் திரும்பப் போய் மாற்றிச் சொல்ல வேண்டும்.

திறப்பு விழாவன்று பந்தல், மைக், ரோஜாப்பூ மாலை எல்லாம் இருந்தன. அமராவதியை ஷெட்டுக்குள் நிற்கச் சொல்லியிருந்தாள் தரணி. வருகிறவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். எக்ஸ்போர்ட்டர்கள் வந்தார்கள், குடும்பம் குடும்பமாக வந்தார்கள். சிலர் பள்ளத்தில் கால் வைத்துப் பார்த்தார்கள். அமராவதியால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. வெள்ளையாகத் தெரிந்த எட்டுச் சதுரங்களைச் சுற்றியே நடந்துகொண்டிருந்தாள். கறுப்புத் தரையில் அவை தூரத்திலிருந்தே கண்ணில் குத்தின. எந்த செக்கிங் சூப்பர்வைசரும் பாஸ் பண்ண மாட்டான்.

மகுடேஸ்வரன் என்றொரு நிட்டிங் முதலாளி, வெள்ளை வேட்டியை மடித்துப் பிடித்தபடி, அந்தச் சதுரத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். "ஏனுங் ஈஸ்வரமூர்த்தி, இவ்வளவு செஞ்சுபோட்டு இதை மட்டும் ஏன் மொட்டையா உட்டுட்டீங்க?"

"அது கொஞ்சம் வேலை பாக்கி இருக்குதுங்க," என்று ஈஸ்வரமூர்த்தி ஆரம்பித்தார்.

"பாக்கி இல்லீங்க," என்றாள் அமராவதி. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "இங்க இருந்த கல்லு அந்தச் செவுரோரம் சாத்தியிருக்குதுங்க. எட்டு. எது எங்க இருந்துச்சுன்னு இனி யாருக்கும் தெரியாதுங்க. எடுக்கறப்ப நம்பர் போடாம எடுத்துட்டாங்க."

"யாரு எடுத்தாங்க?"

"நாந்தானுங்க."

மகுடேஸ்வரன் சுவரோரம் போய் ஒரு கல்லைத் தடவிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவர் பின்னால் அடுத்த குடும்பம் உள்ளே வந்துகொண்டிருந்தது. அமராவதி முகத்தைத் துடைத்துக்கொண்டு வெள்ளைச் சதுரத்தின் மறுபக்கம் போய் நின்றாள். சாயங்காலத்துக்குள் இன்னும் பதினோரு பேர் கேட்டார்கள். பதினோரு பேருக்கும் அதே பதிலைச் சொன்னாள்.